பின்ன வகைக்கெழுவும் நகரும் அலையும்: குறுக்குவழி தவறுவது எங்கே?

கெலாங் பாத்தாவையும் சிங்கப்பூரின் துவாஸையும் 1998 முதல் இணைக்கும் இரண்டாம் இணைப்புப் பாலத்தின் கீழ் ஒரு படகு போனால், அது எழுப்பும் அலை பரவி, சிறுத்து, அடங்கிவிடும். எல்லா அலைகளும் அப்படியல்ல. 1834-இல் எடின்பரோ அருகே ஒரு கால்வாயில், வடிவம் குலையாமல் ஓடிய தனி அலையைப் பொறியியலாளர் ஜான் ஸ்காட் ரசல் குதிரையில் ஒன்றிரண்டு மைல் பின்தொடர்ந்தார். அத்தகைய அலைக்குரிய நேரியலற்ற சமன்பாட்டை 1895-இல் கோர்ட்டெவெக், டி விரீஸ் இருவரும் விளக்கினர்.

இதற்குத் தீர்வு காணும் வழி எளியது. அலையின் வேகத்திலேயே நாமும் ஓடினால் அலை நின்றதுபோல் தெரியும். இடம், நேரம் என்ற இரண்டு மாறிகள் ஒன்றாகிவிடும், கணக்கும் சுருங்கும்.

பின்ன வரிசை வகைக்கெழு வந்தால் சிக்கல் தொடங்குகிறது. 'அரை முறை வகையிட்டால் என்ன?' என்ற கேள்வி 1695-லேயே லைப்னிட்ஸின் கடிதத்தில் எழுந்தது. சாதாரண வகைக்கெழு அந்தக் கணத்தை மட்டும் பார்க்கும். பின்ன வகைக்கெழு தொடக்கம் முதலான வரலாற்றையும் சேர்த்துக் கணக்கிடும். இழுபடும் ரப்பர் போன்ற பொருள்களை விவரிக்க அது உதவுவது இதனால்தான்.

பல ஆய்வுக் கட்டுரைகள் சாதாரணச் சங்கிலி விதியைப் பின்னத்திற்கும் அப்படியே பயன்படுத்தி, சமன்பாட்டைச் சாதாரணமாக்கி, அலைத் தீர்வை எழுதிவிடுகின்றன. ஒரு சிறு சோதனை போதும். நேரத்தின் வர்க்கத்தை அரை முறை வகையிட்டால், நேரம் 1 ஆகும்போது சரியான விடை ஏறத்தாழ 1.50. அந்தக் குறுக்குவழி தருவதோ 2.26. அந்த விதி பொதுவாகச் செல்லாது என்று வாசிலி தாராசோவ் 2016-இல் எழுதினார்.

சென்னைப் பல்கலைக்கழக இராமானுஜன் உயர்கணித ஆய்வு நிறுவனத்தின் ஆர். சகாதேவனும் டி. பாக்யராஜும் 2012-இல் வேறு பாதையில் சென்றனர். நேரத்தில் பின்ன வரிசை கொண்ட கோர்ட்டெவெக்–டி விரீஸ் சமன்பாட்டை, லீ சமச்சீர் முறையால் ஒரே மாறிக்குச் சுருக்கினர். அங்கே பின்னம் மறையவில்லை. சுருங்கிய சமன்பாட்டிலும் அது நின்றது. கிடைத்த வடிவமும் ஒரே வேகத்தில் நகர்வதன்று, நேரத்தோடு விரிவது.

இத்துறையில் இறங்கும் மாணவர் மறக்கக் கூடாதது இதுதான்: கிடைத்த விடையைச் சுருக்கிய சமன்பாட்டில் அல்ல, மூலச் சமன்பாட்டில், வகைக்கெழுவின் வரையறைப்படியே இட்டுப் பார்க்க வேண்டும். அங்கே பொருந்தாதது, எவ்வளவு அழகிய அலையானாலும், தீர்வாகாது.