பிழையான மீனை வளர்த்த கதை

ஒரு மீனைக் காப்பாற்ற வருசக்கணக்காகப் பாடுபட்டுவிட்டு, கடைசியில் 'வளர்த்தது வேற மீன்' எண்டு தெரிய வந்தால் எப்பிடி இருக்கும்? அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் அப்பிடித்தான் நடந்தது.

அங்கே மலை ஓடைகளில் கிரீன்பேக் கட்த்ரோட் என்ற ட்ரவுட் மீன் வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் சுரங்கம் தோண்ட வந்தவர்கள் ஓடைகளைக் கெடுத்தார்கள், மீனையும் அளவில்லாமல் பிடித்தார்கள். மீன் குறைய, வளர்ப்பு நிலையங்களில் பொரித்த வேற்றிடத்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தூண்டிலில் ஏதோவொன்று மாட்டினால் போதும், எந்த இனம் எண்டு ஆர் பார்த்தது? வந்த மீன்கள் இருந்த மீனை நெருக்கின, சில அதோடு கலந்தும் போயின. 1937இல் கிரீன்பேக் அழிந்துவிட்டதாகவே கருதினார்கள்.

1950களில், சில ஓடைகளில் அது தப்பியிருப்பதாகக் கண்டார்கள். அந்த மீன்களைப் பெருக்கி வேறு ஓடைகளிலும் விட்டார்கள். 1994இல் கிரீன்பேக் மாநில மீனாகவும் ஆனது. ஆனால் 2007இல் வந்த மரபணு ஆய்வு, அவற்றில் பல மலைத்தொடரின் மேற்குப் பக்கத்து இனம் என்றது. முன்னொரு காலத்தில் யாரோ கொண்டுவந்து விட்ட மீன்களின் வாரிசுகள்!

அப்ப உண்மையான கிரீன்பேக் எது? நூதனசாலைகளில் 1857 முதல் 1889 வரை சேகரித்து மதுசாரத்தில் போட்டிருந்த மீன்களின் டிஎன்ஏயை ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். 2012இல் விடை வந்தது. அது உயிரோடு மிஞ்சியிருந்தது பெயார் கிரீக் என்ற ஒரேயொரு ஓடையில், சில கிலோமீற்றர் தூரத்துக்குள் மட்டும்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஓடை அதன் சொந்த இடமே இல்லை. அதன் பூர்வீகம் சவுத் பிளாற் ஆற்றுப்பகுதி. 19ஆம் நூற்றாண்டில் ஒரு ஹோட்டல்காரர் உல்லாசப் பயணிகளுக்காகக் கொண்டுவந்து விட்ட மீன்கள் அவை. மீனை அழித்ததும் இடம் மாற்றி விடும் பழக்கம், தப்பவைத்ததும் அதே பழக்கம்.

பிறகு பெயார் கிரீக் மீன்களின் குஞ்சுகளை நிலையங்களில் வளர்த்தார்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகிய மீன்கள் என்பதால் நிறையக் குஞ்சுகள் செத்தன. 2014இல் சிம்மர்மன் ஏரியில் விட்டார்கள். வேற்று மீன்களை அகற்றிவிட்டு ஹேர்மன் கல்ச் ஓடையிலும் விட்டார்கள். அங்கே அவை தாமாகவே இனம்பெருக்குவது 2022இல் உறுதியானது.

'வரலாறு படிச்சு என்ன செய்யப்போறாய்?' எண்டு எங்களைக் கேட்கிறார்கள் தானே. அந்தப் போத்தல்களில் எந்த இடம், எந்த வருசம் எண்டு ஒரு துண்டில் எழுதி ஒட்டியவரையும் அப்ப ஆராவது இப்பிடிக் கேட்டிருக்கக்கூடும்.