மண்டபம் கேம்பும் மூடிய விமான நிலையமும்

2020 கடைசியில எங்க லயத்துக்கு ஒரு அக்கா திரும்பி வந்தாங்க. வளைகுடா நாடு ஒன்றில் வீட்டு வேலை. மார்ச்சிலேயே ஒப்பந்தம் முடிஞ்சுது. ஜூலையில அவங்க அம்மா செத்ததை போன் ஸ்கிரீன்லதான் பார்த்தாங்க. பட்டியல்ல பேர் கொடுத்து மாசக்கணக்கா காத்திருந்துதான் விமானத்தில இடம் கிடைச்சது. வந்து இறங்கியும் 14 நாள் தனிமைப்படுத்தல். "அந்த 14 நாள் எனக்கு ஒன்னுமே இல்ல தம்பி, அதுக்கு முந்தின எட்டு மாசந்தான்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் ஆட்களின் வரலாற்றில் தனிமைப்படுத்தலைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

மலையகத்துக்கு வந்த முதல் தலைமுறைகள் கால்நடையாக வந்தவை. ராமநாதபுரக் கரையில் தோணி ஏறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை, கண்டி. அந்த வடக்குப் பாதையில் வாந்திபேதியில் விழுந்தவர்களுக்குக் கல்லறை கிடையாது. 1896இல் பம்பாயில் பிளேக் வந்ததும் பிரிட்டிஷ் ஆட்சி பயந்தது. அடுத்த வருடமே இந்தியாவில் கொள்ளைநோய்ச் சட்டமும் இலங்கையில் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டமும் வந்தன. இரண்டுமே 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டங்கள் என்பது ஒரு வேடிக்கை. 2020இல் நம்மை வீட்டுக்குள் இருத்தியதும் இந்தப் பழைய சட்டம்தான்.

பிறகு வடக்குப் பாதை மூடப்பட்டது. ஆட்கள் தூத்துக்குடிக்குப் பக்கத்துத் தட்டப்பாறை முகாம் வழியாகக் கப்பலேறி கொழும்புக்கு வந்தார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலையும் கப்பலையும் இணைத்த பாதை திறந்த பிறகு மண்டபம் முக்கியமானது. கவனிக்க வேண்டிய விஷயம், அந்த மண்டபம் கேம்ப் இருந்தது இந்திய மண்ணில், நடத்தியது இலங்கை அரசாங்கம். அதாவது எல்லை கடலுக்கு அந்தப் பக்கமே தொடங்கிவிட்டது. அங்கே குளிக்க வைப்பார்கள், துணியை அவித்துக் கிருமி நீக்குவார்கள், அம்மைக்கு ஊசி போடுவார்கள், சில நாட்கள் வைத்திருந்து பார்ப்பார்கள். எந்தத் தோட்டத்து ஆள் என்று தெரிய, எண் அடித்த தகரத் துண்டைக் கழுத்தில் கட்டி அனுப்பிய காலமும் உண்டு. காசு கொடுத்து மேல் வகுப்பில் வந்தவருக்கு இந்த முகாம் வாசம் கிடையாது. கிருமிக்கு வகுப்பு வித்தியாசம் தெரியும் என்று நினைத்தார்களோ என்னமோ.

மண்டபத்தை நான் நல்ல இடம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே போனவர் எப்படியும் சில நாளில் வெளியே வந்தார். கொழுந்து காத்திருக்காது. தோட்டத்துக்கு ஆள் தேவை. அதனால் சோறு, டாக்டர், ரயில் நேரம் எல்லாம் ஏற்பாடாகி இருந்தது, செலவைத் தோட்டங்கள் ஏற்றன. தேவைப்பட்ட உடம்புக்கு வழி திறந்தே இருந்தது.

2020 மார்ச்சில் நடந்தது வேறு. மார்ச் 10இலிருந்து இத்தாலி, ஈரான், தென்கொரியாவில் இருந்து வந்தவர்களைப் புனானை போன்ற நிலையங்களுக்கு அனுப்பினார்கள். அது தனிமைப்படுத்தல். மார்ச் 19இல் வரும் விமானங்களையே நிறுத்தினார்கள். அது கதவடைப்பு. இந்த இரண்டையும் ஒரே சொல்லால் பேசியதுதான் பிழை என்று எனக்குப் படுகிறது. ஏப்ரலில் பாகிஸ்தான், இந்தியா, நேபாளத்தில் இருந்த மாணவர்களைக் கூட்டி வந்தார்கள். வேலைக்குப் போனவர்களுக்கு முறை மெதுவாக வந்தது. விமான நிலையங்கள் வழமைபோலத் திறந்தது 2021 ஜனவரி 21. இதற்கிடையில் 2020இல் வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் அனுப்பிய காசு ஏறத்தாழ 710 கோடி டொலர், முந்தின வருடத்தை விடக் கூட. காசு வரத் தடையில்லை.

அரசாங்கத்தின் பக்கமும் நியாயம் இருந்தது. மே மாதம் குவைத்தில் இருந்து வந்தவர்களில் நிறையப் பேருக்குத் தொற்று இருந்தது. கட்டில் கணக்கு, பிசிஆர் கணக்கு எல்லாம் உண்மையான பிரச்சினை. எங்கள் தெல்தெனிய ஆஸ்பத்திரியும் கொரோனா ஆஸ்பத்திரி ஆனபோது ஊருக்குள் எவ்வளவு பயம் என்று எனக்கே தெரியும். நானும் பயந்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசியலமைப்பின் 14(1)(ஈ)... மன்னிக்கணும், தமிழ்ப் பிரதியில் எழுத்து மாறும், அந்த வரிசையின் கடைசி உரிமை, இலங்கைக்குத் திரும்பி வரும் சுதந்திரம். 15(7) பொதுச் சுகாதாரத்துக்காக அதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்கிறது. கட்டுப்படுத்தலாம், சரி. எவ்வளவு நாள், யாருக்கு முதல் இடம், காசில்லாதவருக்கு என்ன வழி என்ற கேள்விகளுக்குப் பதில் அங்கே இல்லை. அதே 14இன் இரண்டாம் பந்தியை மலையக ஆட்கள் கட்டாயம் வாசிக்கணும். நாடற்றவர்களாக இங்கேயே நிரந்தரமாக வாழ்ந்தவர்களுக்கு இந்த உரிமைகள் 1978இலிருந்து பத்து வருடத்துக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். 1948இல் பிரஜாவுரிமை போனவர்களுக்கு, தவணை போட்ட உரிமை!

வெளியே பார்த்தால், 2021 மேயில் அவுஸ்திரேலியா இந்தியாவில் இருந்த தன் பிரஜைகளே திரும்பினால் ஐந்து வருடம் வரை சிறை என்றது. வழக்குப் போட்டவர் தோற்றார். நியூசிலாந்தில் தனிமைப்படுத்தல் அறைகளைக் குலுக்கல் முறையில் கொடுத்தார்கள். 2022 ஏப்ரலில் அங்குள்ள உயர்நீதிமன்றம் தனிமைப்படுத்தல் நியாயம், ஆனால் ஒவ்வொருவருடைய அவசரத்தையும் பார்க்காத குலுக்கல் சிலருடைய திரும்பும் உரிமையை நியாயமில்லாமல் மீறியது என்று தீர்த்தது. அக்கா கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். 14 நாள் இருக்கத் தயார், வரிசையில் என் அம்மாவின் சாவுக்கும் ஒரு இடம் வேணும்.

2020 ஜூன் 1இல் இந்தியக் கடற்படையின் ஜலஷ்வா கப்பல் கொழும்பில் சிக்கியிருந்த சுமார் 700 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனது. எங்கள் ஆட்கள் வந்த அதே கடல் வழி, எதிர்த்திசையில்.

அக்கா வந்த அன்று எங்கள் அப்பாயியையும் பார்க்க வந்தார். அப்பாயி சின்ன வயசில் ஊருக்குப் போய்த் திரும்பினவர். அவருடைய ஞாபகத்தில் இருக்கிற தெல்தெனிய டவுனே இப்போது விக்டோரியா தண்ணிக்கடியில். அக்கா தனிமைப்படுத்தல் கதையைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மண்டபத்திலயா வச்சிருந்தாங்க?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "சோறு போட்டாங்களா?" என்று அடுத்துக் கேட்டார்.