வெலிங்டன், 1910: பனிமேல் பெய்த மழை

பனியில் சிக்கியவனுக்கு மழை நற்செய்தியாகத் தோன்றும். குளிர் தணிகிறது, பனி கரையும், வழி திறக்கும் என்று மனம் கணக்கிடும். அந்தக் கணக்கு எத்துணைப் பிழையானது என்பதற்கு, 1910-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நிகழ்ந்த ஒரு துயரம் சான்றாக நிற்கிறது.

காஸ்கேட் மலைத்தொடரில், ஸ்டீவன்ஸ் கணவாயின் மேற்குப்புறம், கிரேட் நார்தர்ன் இருப்புப்பாதையின் சிறு நிலையமாக இருந்தது வெலிங்டன். அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில், ஸ்போகேனிலிருந்து சியாட்டில் நோக்கிச் சென்ற ஒரு பயணிகள் வண்டியும் ஒரு தபால் வண்டியும் கடும் பனிப்பொழிவால் அங்கே முடங்கின. எந்திரங்கள் வாரித் திறந்த பாதையைப் பனிச்சரிவுகள் மீண்டும் மீண்டும் மூடின. வண்டியை அருகிலிருந்த சுரங்கத்துக்குள் நகர்த்துமாறு பயணிகள் வேண்டினர். உள்ளே புகை மூட்டம் மிகும் என்று அதிகாரிகள் மறுத்தனர். சிலர் பொறுமையிழந்து நடந்தே புறப்பட்டு, செங்குத்தான சரிவில் சறுக்கி இறங்கி, கீழேயிருந்த சீனிக் நிலையத்தை அடைந்தனர்.

பிப்ரவரி 28 இரவு பனிப்பொழிவு மழையாக மாறியது. வெதுவெதுப்பான காற்று வீசியது. இடியும் மின்னலும் சேர்ந்தன. மார்ச் 1, பின்னிரவு ஒரு மணி கடந்த சிறிது நேரத்தில், மேலிருந்த பனிப்பாளம் பெயர்ந்து இரு வண்டிகளையும் டை ஆற்றின் பள்ளத்துக்குள் தள்ளியது. இறந்தோர் 96 பேர். பிழைத்தோர் 23 பேர்.

மழை ஏன் கொன்றது? மலைச்சரிவில் கிடக்கும் பனி ஒரே திரளன்று. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. மழைநீர் அந்த அடுக்குகளின் சுமையைக் கூட்டுகிறது. அதே வேளையில் பனித்துகள்களுக்கு இடையிலான பிணைப்பைத் தளர்த்துகிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் இந்த இரண்டும் கூடினால் பாளம் பெயர நெடுநேரம் ஆவதில்லை. வெலிங்டனுக்கு மேலிருந்த சரிவிலோ, பனியைத் தாங்கி நிறுத்தியிருக்கக்கூடிய காடு முன்பே தீயில் அழிந்திருந்தது.

இழப்பீடு கோரிய வழக்கில், வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 1914-இல் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. மனிதர் முன்னறிய முடியாத தெய்வச் செயல் என்பதே அதன் சாரம். நமக்கு இதில் முழு உடன்பாடில்லை. மழையை மனிதர் வரவழைக்கவில்லை என்பது மெய்தான். ஆனால் மொட்டைச் சரிவின் கீழ் தண்டவாளத்தை இட்டவர்கள் மனிதரே. நடந்து சென்றவர்களை அறிவாளிகள் என்றும் தங்கியவர்களை ஏமாளிகள் என்றும் பிரிப்பதும் தவறு. நடந்தவர்களும் அதே சரிவுகளின் அடியில்தான் நடந்தனர். காலம் அவர்களுக்கு வாய்த்தது, அவ்வளவே.

நூறாண்டுகளுக்குப் பின் இன்று மலையேறுவோர் கைக்கொள்ளும் விதிகள் பலவும் இத்தகைய சாவுகள் கற்பித்தவை. வெப்பம் ஏறும் நாளில், புதுப்பனிமேல் மழை விழும் நாளில், செங்குத்துச் சரிவின் மேலும் நடப்பதில்லை, கீழும் தங்குவதில்லை. இளவேனிலில், இரவு நன்கு உறைந்திருந்தால் மட்டும் விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகின்றனர். இரவு உறையவில்லையெனில் பயணத்தைக் கைவிடுகின்றனர். ஐயத்துக்குரிய சரிவை ஒருவர் கடக்க, மற்றவர் பாதுகாப்பான இடத்தில் நின்று நோக்குகின்றனர். புதையுண்டவரைத் தேடும் சமிக்ஞைக் கருவி, துழாவுகோல், பனிவாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ஏனெனில் கால்மணி நேரம் கடந்தால் பிழைக்கும் வாய்ப்பு விரைந்து குறைகிறது.

வெலிங்டன் என்ற பெயர் அவ்வாண்டே டை என மாற்றப்பட்டது. நிறுவனம் பாதைக்குப் பனிக்காப்புக் கூரைகள் அமைத்தது. 1929-இல் ஏறத்தாழ 12.5 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சுரங்கம் திறந்ததும் பழைய பாதையையே கைவிட்டது. பெயரை மாற்றலாம், பாதையை மாற்றலாம். பனிமேல் மழை விழும் இரவின் இயல்பு மட்டும் அன்றுபோலவே இன்றும் இருக்கிறது.