இரண்டு சராசரிகள்

2002-ல் மைக் வெப்ஸ்டர் இறந்தபோது அவருக்கு வயது 50. அமெரிக்கக் கால்பந்தில் 17 பருவங்கள் ஆடியவர், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர். பந்தைப் பின்னால் கொடுத்த மறுகணமே எதிரில் நிற்பவரோடு முட்டிமோதுவதுதான் அந்த இடத்தின் வேலை. கடைசி வருடங்களில் நினைவு குழம்பி, தன் வண்டியிலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். அவர் மூளையை ஆராய்ந்தவர் நைஜீரியாவில் பிறந்த நோயியல் மருத்துவர் பென்னட் ஒமாலு. சி.டி.இ. என்ற மூளைச் சிதைவை அதில் கண்டு 2005-ல் கட்டுரை வெளியிட்டார். அதைத் திரும்பப் பெறச் சொல்லி என்.எஃப்.எல். லீக்கின் மருத்துவக் குழுவினர் பத்திரிகைக்கு எழுதினார்கள்.

2011-லிருந்து முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுக்கத் தொடங்கினார்கள். ஆபத்து தெரிந்தே மறைத்தீர்கள் என்பது குற்றச்சாட்டு. 2013 ஆகஸ்டில், 4,500-க்கும் மேற்பட்டவர்கள் வழக்கில் இருந்தபோது, 76.5 கோடி டாலருக்குச் சமரசம் அறிவிக்கப்பட்டது. தொகை போதுமா என்று நீதிபதி அனிதா பிராடி சந்தேகப்பட்டதால் உச்சவரம்பு நீக்கப்பட்டு, 2015 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. லீக் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவில்லை. அதற்கு எப்போது என்ன தெரியும் என்ற கேள்வி விசாரணைக்கே வரவில்லை.

சரி, காசு கிடைத்ததே, அப்புறம் என்ன? மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, யாருக்கு எவ்வளவு என்று தீர்மானிக்கும் விதிகள்தான். ஏ.எல்.எஸ். வந்தால் அதிகபட்சம் 50 லட்சம் டாலர், அல்சைமர் என்றால் 35 லட்சம். சி.டி.இ.க்கோ, ஒப்புதல் நாளுக்கு முன்பே இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும்தான். இறந்த பிறகே உறுதிசெய்ய முடிகிற நோய் அது. அன்று உயிரோடிருந்த யாருக்கும் அந்தப் பெயரில் பணம் கிடையாது.

மறதி நோய்க்கு இழப்பீடு வேண்டுமென்றால் அறிவாற்றல் தேர்வு எழுத வேண்டும். ஒருவரின் மதிப்பெண் சராசரியிலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பார்கள். எந்தச் சராசரி? கறுப்பினத்தவருக்குத் தனியாக, தாழ்ந்த ஒரு சராசரி இருந்தது. நரம்பு உளவியலில் முன்பே புழங்கிய திருத்தம் அது. இருவர் ஒரே மதிப்பெண் வாங்கினாலும், வெள்ளையருக்கு அது சரிவு, கறுப்பருக்கு அது இயல்பு. யோசித்துப் பாருங்கள், ஆடுகிறவர்களில் பெரும்பான்மை கறுப்பர்கள்.

2020 ஆகஸ்டில் கெவின் ஹென்றி, நஜே டேவன்போர்ட் இருவரும் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். வெப்ஸ்டரைப் போலவே இவர்களும் ஸ்டீலர்ஸ் அணிக்கு ஆடியவர்கள். இனத்தைக் கணக்கில் எடுப்பது மருத்துவரின் விருப்பம், கட்டாயமில்லை என்றது லீக். 2021 மார்ச்சில் பிராடி வழக்கைத் தள்ளுபடி செய்தார், ஆனாலும் இன அளவுகோல் பற்றித் தரப்புகள் பேசித் தீர்க்க வேண்டும் என்றார். விஷயம் ஊடகங்களில் வெடித்தபின், ஜூனில் லீக் அதைக் கைவிடுவதாகச் சொன்னது. 2022 மார்ச்சில் திருத்தம் நடைமுறைக்கு ஒப்புதல் பெற்றது. பழைய மதிப்பெண்கள் மறுபடி கணக்கிடப்பட்டன. முன்பு நிராகரிக்கப்பட்டவர்களில் சிலர் தகுதி பெற்றார்கள்.

நிரலில் இப்படி ஒரு வரி இருந்தால் அது பிழைச்செய்தி காட்டாது. சொன்னபடி ஓடும், ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் சாயும். தீர்ப்பென்றால் காரணம் எழுத வேண்டும், அதை நாம் படித்துச் சண்டை போடலாம். சமரசத்தில் அந்த வேலையை அட்டவணை செய்கிறது. முதல் ஒப்புதலுக்கும் திருத்தத்துக்கும் நடுவே ஏழு வருடங்கள். அதற்குள் மறந்துபோனவர்கள், தாங்கள் எதை இழந்தோம் என்று நீதிமன்றத்தில் சொல்லக்கூட முடியாதவர்கள்.