கர்த்தாஸ் சீட்டும் கடைக்காரர் கடிதமும்

போர்ட் கொச்சியில் சீன வலைகளைக் காணச் செல்லும் அன்பர்கள், கடலோரத்திற் சிதைந்து கிடக்கும் இம்மானுவேல் கோட்டையின் எச்சங்களை அதிகம் கவனிப்பதில்லை. 1503-ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் அமைத்த கோட்டை அது. மிளகு வாங்க வந்தவர்கள் கடலையே தமதாக்கிக் கொள்ள முனைந்தனர். வணிகக் கப்பல் ஒவ்வொன்றும் 'கர்த்தாஸ்' என்னும் அனுமதிச் சீட்டைத் தம்மிடம் பெற்றே புறப்படவேண்டும் என விதித்தனர். கப்பல் எது, தலைவன் யார், எத்துறைமுகத்துக்குச் செல்கிறது என்பன அதில் எழுதப்பட்டிருக்கும். சீட்டின்றி அகப்பட்ட கப்பல் சரக்கோடு பறிபோகும். முகலாயரின் கப்பல்களும் இதற்கு இணங்க நேர்ந்தது. குஞ்ஞாலி மரக்காயர்களோ பணியாது பல்லாண்டு போரிட்டனர்.

இன்று கொச்சியின் மிளகும் ஏலமும் இணையக் கடைகளின் வழியாகவும் தில்லிக்கும் புனேக்கும் செல்கின்றன. பணம் கிடைத்தது, பொருள் அனுப்பப்பட்டது என்று கடைக்காரர் விடுக்கும் மின்னஞ்சலே அங்கு ரசீது. அது 'ஸ்பேம்' என்னும் குப்பைப் பெட்டியில் விழுந்துவிட்டால், வாங்கியவர் தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார்.

இத்தொல்லையின் வேர் பழையது. 1982-இல் ஜான் போஸ்டல் வகுத்த மின்னஞ்சல் விதிகளில், அனுப்புநர் இன்னார்தாம் என்று சரிபார்க்கும் ஏற்பாடே இல்லை. இத்தனைக்கும் 1978 மே மாதத்திலேயே ஒரு கணிப்பொறி நிறுவனத்தின் விளம்பரம் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே வீச்சிற் சென்று கண்டனத்துக்கு உள்ளாகியிருந்தது. யார் பெயரிலும் எவரும் எழுதலாம் என்றானபின் போலிக் கடிதங்கள் பெருகாமல் என்ன செய்யும்?

பின்னாளில் மூன்று சான்றுகள் தோன்றின. எஸ்.பி.எப். என்பது, இக்கடையின் பெயரால் எந்தெந்தக் கணினிகள் கடிதம் அனுப்பலாம் என்று கடைக்காரரே வெளியிடும் பட்டியல். டி.கே.ஐ.எம். என்பது கடிதத்தின்மேல் இடப்படும் முத்திரை. வழியில் யாரேனும் திருத்தினால் அது பொருந்தாது. இவை பொய்த்தால் கடிதத்தை என்ன செய்வது என்று அறிவிப்பது டிமார்க். மூன்றையும் இணையப் பெயரின் பதிவேட்டிற் குறித்து வைக்கத் தனிக்கட்டணம் இல்லை. 2024 பிப்ரவரி முதல், பெருமளவிற் கடிதம் விடுப்போர்க்கு இம்மூன்றையும் கூகுளும் யாகூவும் கட்டாயமாக்கின.

ஆயினும் சீட்டு இருந்தால் மட்டும் போதாது. கர்த்தாஸ் பெற்ற கப்பலிலும் விலக்கப்பட்ட சரக்கான மிளகு இருந்தால் அது பறிமுதலே. அவ்வாறே, முத்திரை சரியாயிருந்தும், பெறுவோரில் ஆயிரத்துக்கு மூவர் 'இது ஸ்பேம்' என்று முறையிட்டால் கடைக்காரர் பாடு திண்டாட்டம்தான். விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு விளம்பரம் அனுப்புவோர் பெரும்பாலும் இங்கேதான் சிக்குகின்றனர். ரசீதையும் விளம்பரத்தையும் வெவ்வேறு முகவரிகளிலிருந்து அனுப்புவது நலம்.

இவ்விதிகளைச் செய்தது நமது சட்டமன்றம் அன்று. தோற்றுவாயை மறைத்து ஏய்க்கும் மின்னஞ்சலைக் குற்றமாக்கியிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, பேச்சுரிமைக்கு முரணானதென 2015 மார்ச் 24-இல் உச்சநீதிமன்றத்தால் நீக்கப்பட்டது. அத்தீர்ப்பு சரியே என்பது என் கருத்து. ஆனால் அந்த வெற்றிடத்தில் அயல்நாட்டு நிறுவனங்களின் விதியே சட்டமாய் நிற்கிறது.  வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு ஊர்ச்சரக்கை வரவழைக்கும் நாமோ, விளம்பரம் சலித்ததும் கடிதத்தின் அடியிலுள்ள விலகற் பொத்தானைத் தேடாமல் 'ஸ்பேம்' என்பதையே அழுத்திவிடுகிறோம். அந்த மூவரில் ஒருவர் நாமாகவும் இருக்கலாம்.