சென்னை–கொழும்பு வான்வழி: தொலைவும் அட்டவணை நேரமும்

சென்னைக்கும் கொழும்புக்கும் இடையே பயண நேரம் சுருங்கிய கதையை விமான எந்திரத்தின் கதையாகவே வாசிப்பது வழக்கம். 1935 நவம்பர் 27 அன்று மெட்ராஸ் பிளையிங் கிளப்பின் பயிற்சியாளர் டிண்டேல் பிஸ்கோ ஒரு புஸ் மாத் விமானத்தைக் கொழும்பை அடுத்த இரத்மலானையில் இறக்கினார். மணிக்கு ஏறத்தாழ 170 கி.மீ. வேகத்தில் அது நான்கு மணி நேரப் பறப்பு. டகோட்டாவுக்கு இரண்டரை மணி, ஜெட்டுக்கு ஒரு மணியை ஒட்டி. இவை வேகத்தையும் தொலைவையும் கொண்டு நான் போட்ட கணக்கு. பதிவேட்டு நேரம் அன்று.

இந்த வரிசையில் பிழையில்லை. தொலைவும் கடிகாரமும் மாறவேயில்லை என்று வைத்துக்கொண்டு, அச்சிட்ட அட்டவணையைச் சான்றாகக் காட்டுவதில்தான் பிழை.

தொலைவை முதலில் பார்ப்போம். மீனம்பாக்கத்திலிருந்து இரத்மலானை நேர்கோட்டில் சுமார் 683 கி.மீ.; கட்டுநாயக்க சுமார் 644 கி.மீ. பன்னாட்டு விமானங்கள் கட்டுநாயக்கவுக்கு இடம்பெயர்ந்ததும் வான்வழி 40 கி.மீ. அளவுக்குக் குறைந்தது. அந்தக் குறைவைப் பயணி நகருக்குள் போகும் சாலையில் ஈடுகட்டினார்.

கடிகாரத்தின் விளைவு இதைவிடப் பெரிது. 1996இல் மழை பொய்த்து மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது, மே 25 அன்று இலங்கை தன் நேரத்தை ஒரு மணி முன்தள்ளியது. அக்டோபர் 26 அன்று அதில் அரைமணியைத் திரும்ப எடுத்தது. இந்திய நேரத்தோடு மறுபடி ஒன்றியது 2006 ஏப்ரல் 15 அன்றுதான். புறப்பாடு, வருகை இரண்டையும் அட்டவணை அந்தந்த ஊர் நேரத்திலேயே தருகிறது. ஒரு மணி 20 நிமிடப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1996 ஜூனில் சென்னையிலிருந்து 10.00 மணிக்குக் கிளம்பினால் கொழும்புக் கடிகாரம் 12.20 காட்டும். அங்கிருந்து 13.20க்குத் திரும்பினால் சென்னைக் கடிகாரம் 13.40 காட்டும். போக இரண்டு மணி 20 நிமிடம், வர வெறும் 20 நிமிடம்! எதிர்காற்று என்று சொல்லி இதை விளக்க முடியாது. அடுத்த பத்தாண்டு அட்டவணைகளிலும் இதே கோணல் பாதியளவில் உண்டு. இந்தத் திருத்தம் செய்யாமல் அவற்றிலிருந்து எடுக்கும் எந்த எண்ணும் பயன்படாது. இதே காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே வழங்கியது. அங்குள்ள கடிகாரம் சென்னையோடு ஒத்தது, கொழும்போடு ஒத்துப்போகவில்லை.

எந்திரக் கதை முற்றாகத் தவறவிடுவது யாழ்ப்பாணத்தை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் பறப்பு, ‘சீதாதேவி’ என்ற டகோட்டாவில், இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை வந்தது. அந்த நடுத்தரிப்பை வேகக் குறைவின் அடையாளமாக ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. காங்கேசன்துறையின் விமானத்தளமான பலாலியிலிருந்து மீனம்பாக்கம் சுமார் 354 கி.மீ.தான்; அந்தத் தரிப்பு ஓர் ஊரையே வழியில் இணைத்தது. போர்க்காலத்தில் இந்த வழி அடைபட்டிருந்தபோது, யாழ்ப்பாணத்தவர் ஏறத்தாழ 400 கி.மீ. தெற்கே கொழும்புக்கு இறங்கி, அங்கிருந்து வடக்கே 644 கி.மீ. பறக்க வேண்டியிருந்தது. ஜெட்டின் வேகம் அவருக்கு எந்த நேரத்தையும் மிச்சப்படுத்தவில்லை. வழி மீண்டும் திறந்தபின், 2019 நவம்பர் 11 அன்று சென்னையிலிருந்து பலாலியில் வந்திறங்கிய ஏடிஆர் 72 விமானம் ஜெட்கூட அன்று. காற்றாடி எந்திரம் பூட்டியது.