பின்களத்து மனிதர் பக்கீர் அலி

உதைபந்தாட்டச் செய்திகளுக்கு ஒரு பழைய நோய் உண்டு. கோல் போட்டவரின் பெயர் முதல் வரியிலேயே வந்துவிடும். கோல் விழாமல் தடுத்தவருக்குக் கடைசிப் பந்தியிலும் இடம் கிடைப்பதில்லை. பண்ணைப் பாலத்தைக் கடந்து சென்றால் வருகிற எங்கள் அல்லைப்பிட்டியிலும் இதே நீதிதான். ஓடத் தெரிந்தவன் முன்னுக்கு நிற்பான். மற்றவனைப் 'புல்பெக்' என்று பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியதோடு ஊரும் சிதறியது, அந்த ஆட்டமும் போயிற்று.

இலங்கைப் பின்கள வீரர்களில் கடல் கடந்தும் பெயர் பெற்ற நிசாம் பக்கீர் அலியை நினைக்கும்போது எனக்கு அந்தப் 'புல்பெக்' நினைவுதான் வருகிறது. 1980களில் அவர் டாக்காவின் அபஹானி கழகத்துக்காக ஆடினார். அபஹானியும் முகமதியன் கழகமும் மோதினால் அந்நகரமே இரண்டாகப் பிரிந்து நின்ற காலம் அது. உதைபந்தாட்டத்தை நம்பிப் பிழைக்க வழியில்லாத இந்நாட்டிலிருந்து சென்ற ஒருவர், அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் பின்களத்தைக் காத்து நின்றார் என்பதைச் சிறிய விடயமாக நான் கருதவில்லை.

2018இல் அவர் இலங்கைத் தேசிய அணியின் பயிற்சியாளரானார். பொறுப்பேற்றது, உலகத் தரவரிசையில் இருநூறாம் இடத்தைச் சுற்றிக் கிடந்த ஓர் அணியை. அவ்வாண்டு செப்டெம்பரில் தெற்காசியக் கிண்ணப் போட்டி, அவருக்குப் பழக்கமான அதே டாக்காவில் நடந்தது. இந்தியாவிடம் 0-2 எனத் தோற்ற இலங்கை, மாலைதீவுடன் 0-0 எனச் சமன் செய்தது. மாலைதீவும் இந்தியாவிடம் அதே 0-2 என்ற கணக்கில் தோற்றது. புள்ளி சமம், கோல் கணக்கும் சமம். இறுதியில் நாணயத்தைச் சுண்டினார்கள். அது மாலைதீவின் பக்கம் விழுந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. குழுநிலையில் ஒரு கோல்கூடப் போடாத மாலைதீவு, அரையிறுதியில் நேபாளத்தை 3-0 என்றும் இறுதியாட்டத்தில் இந்தியாவை 2-1 என்றும் வென்று கிண்ணத்தைத் தூக்கிச் சென்றது. அந்தச் சம்பியன்களைக் கோல் போடவிடாமல் நிறுத்திய இலங்கைப் பின்களத்தைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்?

2019 ஜூனில் உலகக் கிண்ணத் தகுதிகாண் முதற்சுற்றில் மக்காவ் அணியிடம் இலங்கை 0-1 எனத் தோற்றது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளைக் காரணம் காட்டி, இரண்டாவது ஆட்டத்துக்குக் கொழும்பு வர மக்காவ் மறுத்தது. பீபா இலங்கைக்கு 3-0 வெற்றி வழங்கியது. முந்திய ஆண்டு நாணயம் பறித்ததைக் காகிதம் திருப்பிக் கொடுத்தது எனலாம். ஆயினும் அத்துயரத்தின் வழியாக வந்த முன்னேற்றத்தில் எவர் மகிழ முடியும்?

அடுத்த சுற்றில் எதிரிகள் வேறு தரத்தினர். செப்டெம்பரில் கொழும்பில் வடகொரியாவிடம் 0-1 எனத் தோற்றதைத் தோல்வி என்று சொல்லவே எனக்கு மனமில்லை. அது பின்களம் கட்டுக்கோப்பாக நின்ற ஆட்டம். ஒக்டோபர் 10 அன்று தென்கொரியாவில் 0-8. கிம் ஷின்-வூக் நான்கு, சொன் ஹியூங்-மின் இரண்டு. ஐரோப்பியப் பெருங்கழகங்களின் பின்களங்களையே திணறடித்த சொன்னை, வேலைக்குப் போய்வந்து மாலையில் பயிற்சி எடுக்கும் வீரர்களைக் கொண்டு தடுக்க எந்தப் பயிற்சியாளராலும் இயலாது. தலைப்புகளில் நின்றதென்னவோ எட்டுத்தான். ஒரு மாதத்துக்கு முந்திய ஒன்றை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

2020இல் தேசிய அணி வெளிநாட்டவர் ஒருவரின் கைக்குப் போனது. பக்கீர் அலி மீண்டும் பங்களாதேஷுக்குச் சென்று அங்குள்ள பொலிஸ் கழகத்தைப் பயிற்றுவித்தார். இங்கோ, மூன்றாம் தரப்புத் தலையீட்டைக் காரணம் காட்டி 2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தையே பீபா இடைநிறுத்தியது. தடை ஆகஸ்டில் நீங்கும்வரை, எந்தச் சர்வதேச ஆட்டத்திலும் கோல் வாங்கவோ தடுக்கவோ இந்நாட்டுக்கு ஓர் அணி இருக்கவில்லை.